பாடசாலை முடிந்த மறுநாள்: அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் தொழிற்கல்வி பற்றி ஓர் எளிய விளக்கம்

திருகோணமலையில் விசேட கல்வி அலகொன்றில் பல ஆண்டுகள் கற்பித்த எனக்கு, பெற்றோர் கேட்கும் கேள்விகளில் ஒன்று மட்டும் எப்போதும் கூட்டம் கலைந்த பிறகே வரும். பிள்ளைக்குப் பதினாறோ பதினேழோ ஆகியிருக்கும். மற்றவர்கள் படலையைத் தாண்டும்வரை காத்திருந்துவிட்டு, கதவோரம் நின்று மெல்லக் கேட்பார்கள்: "டீச்சர், இனி இவன் என்ன செய்யப்போறான்?" அதற்கு ஊரார் வைத்திருக்கும் விடைகள் இரண்டு. "ஏதாவது கைத்தொழில் பழக்கிவிடுங்கோ" என்பது ஒன்று. "பாவம், வீட்டில இருக்கட்டும்" என்பது மற்றது. இரண்டும் அன்பினால் சொல்லப்படுபவைதான். ஆயினும் தொழிற்கல்வி என்ற சொல்லை நாம் பொத்தாம்பொதுவாகப் பயன்படுத்திப் பழகிவிட்டதனாலேயே விடைகள் இந்த இரண்டோடு நின்றுவிடுகின்றன என்று நினைக்கிறேன். அச்சொல்லின் உள்ளே உண்மையில் என்ன நடக்கிறது என்பதை, இதைப் பற்றி முதன்முறையாகக் கேட்பவருக்கும் விளங்கும்படி எழுத முனைகிறேன்.

முதலில் சொற்கள்

எங்கள் பக்கத்தில் "சுகமில்லாத பிள்ளை" என்ற ஒரே பெயருக்குள் எல்லோரையும் போட்டுவிடுவோம். வலிப்பு வருபவர், காது கேளாதவர், மனநோய்க்கு மருந்து எடுப்பவர், மெதுவாகக் கற்பவர் எல்லோரும் அதற்குள் அடங்கிவிடுவார்கள். இக்கட்டுரை அறிவுசார் குறைபாட்டைப் பற்றி மட்டுமே பேசுகிறது. கற்றல், காரணம் காணுதல், தீர்மானித்தல் போன்ற அறிவுச் செயற்பாடுகளிலும், பணத்தைக் கையாளுதல், பயணம் செய்தல், பிறரோடு பழகுதல் போன்ற அன்றாடத் திறன்களிலும், பிள்ளைப்பருவத்திலிருந்தே குறிப்பிடத்தக்க பின்னடைவு ஒருங்கே இருப்பதையே அறிவுசார் குறைபாடு என்கிறோம். நுண்ணறிவு ஈவு என்ற அளவுகோலில் சராசரி 100. ஏறத்தாழ 70க்குக் கீழே வருவது ஓர் அடையாளம். அந்த எண்ணை மட்டும் வைத்து எவரும் முடிவுகட்டக் கூடாது. வீட்டிலும் வீதியிலும் அவர் எப்படிச் சமாளிக்கிறார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மனநோய் எந்த வயதிலும் எவருக்கும் வரலாம், மருந்தும் சிகிச்சையும் அதைத் தணிக்கலாம். அறிவுசார் குறைபாடு ஒரு நோயன்று. அது ஒருவர் கற்கும் வேகத்தையும் விதத்தையும் பற்றியது. அந்த விதத்துக்கேற்பக் கற்பித்தால் அவர் வாழ்நாள் முழுவதும் கற்றுக்கொண்டே இருப்பார்.

இன்னொரு சொல்லையும் இங்கேயே கழித்துவிட வேண்டும். "ஆளுக்கு இருபத்திரண்டு வயசு, மூளைக்கு ஐந்து வயசு" என்று வைத்தியசாலை வாசலில் தொடங்கிப் பஸ் தரிப்பிடம் வரை பேசுகிறார்கள். ஏதோ ஒரு பரீட்சையில் அவர் பெற்ற புள்ளி ஐந்து வயதுப் பிள்ளையின் சராசரிப் புள்ளிக்குச் சமம் என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை. ஐந்து வயதுப் பிள்ளை இருபத்திரண்டு ஆடித் திருவிழாக்களைக் கண்டதில்லை, தாத்தாவின் செத்தவீட்டில் கதிரை தூக்கியதில்லை, மீசை முளைத்ததும் கண்ணாடி முன் நின்றதில்லை. அனுபவமும் உடலும் ஆசையும் இருபத்திரண்டு வயதுக்குரியவையாகவே இருக்கின்றன. ஐந்து வயதுப் பிள்ளையாக நினைத்தால் அவருக்கு விளையாட்டுப் பொருள்தான் கொடுப்போம். வேலை கொடுக்க மாட்டோம்.

இடையில் ஒரு நடைமுறைக் குறிப்பு: அறிவுசார் குறைபாட்டுக்குப் பிறப்பிலேயே அமையும் காரணங்களில் ஒன்றான டவுன் நோய்க்குறியுடன் பிறந்த பிள்ளைகளிடம் கேள்திறன் குறைவும் தைரொயிட் சுரப்புக் குறைவும் அடிக்கடி காணப்படுகின்றன. "சொன்னால் கேட்கிறானில்லை" என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன், காதையும் இரத்தத்தையும் ஒருமுறை பரிசோதிப்பது நல்லது.

ஆக, நாம் பேசுவது நோயாளிகளைப் பற்றியும் அன்று, உருவத்தில் வளர்ந்த குழந்தைகளைப் பற்றியும் அன்று. மெதுவாக, வேறு விதமாகக் கற்கும் இளைஞர்களையும் யுவதிகளையும் பற்றியே.

மெழுகுவர்த்தியில் நான் கற்ற பாடம்

எங்கள் அலகில் மூன்று ஆண்டுகள் மெழுகுவர்த்தி வார்த்தோம். திரியை அச்சின் நடுவில் நிறுத்துவதற்கு ஈர்க்குத் துண்டைக் குறுக்கே வைத்துக் கட்டும் வேலையை, பேசவே தயங்கும் ஒரு மாணவர் என்னைவிட நேர்த்தியாகச் செய்வார். கண்காட்சிக்கு வந்தவர்கள் பாராட்டி வாங்கினார்கள். நத்தார் காலத்தில் இன்னும் கொஞ்சம் விற்றோம். எனக்கும் பெருமையாக இருந்தது. பிறகு அந்தப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள். ஒருவர் வீட்டிலும் ஒரு மெழுகுவர்த்திகூட வார்க்கப்படவில்லை. மெழுகு இல்லை, அச்சு இல்லை, வாங்குவதற்கு ஆளும் இல்லை. எனக்குச் சுலபமாக இருந்த ஒரு தொழிலை, சந்தையைப் பாராமல், அவர்களுடைய தொழில் என்று நான் நம்பியிருந்தேன். கால்மிதி, காகிதப் பை, முத்துமாலை என்று பெயர்கள் மாறினாலும் பல இடங்களில் கதை இதுதான்.

அதைவிடப் பெரிய பாடத்தை அவர்களில் ஒருவரே கற்பித்தார். உறவினர் ஒருவரின் பேக்கரியில் பணிஸ் பொதிசெய்ய அவரைச் சேர்த்துவிட்டோம். பத்து மெழுகுவர்த்திகளை எண்ணிப் பெட்டியில் அடுக்குவதில் அவர் அலகில் ஒருநாளும் பிழைவிட்டதில்லை. பேக்கரியில் பத்துப் பணிஸ்களை எண்ணிப் பையில் போட முடியவில்லை. எட்டும் வந்தது, பன்னிரண்டும் வந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "எண்ணத் தெரியும் எண்டியள்?" என்று கேட்டபோது எனக்குச் சொல்ல விடை இருக்கவில்லை.

விடை இதுதான். கற்ற இடத்தில் கற்ற திறனை வேறோர் இடத்துக்கும் வேறொரு பொருளுக்கும் கொண்டுசெல்வதைப் பொதுமையாக்கம் என்பார்கள். விறகடுப்பில் சமைக்கப் பழகியவர் காஸ் அடுப்புக்கு மாறும்போதும், அண்ணனின் சைக்கிளில் ஓடப் பழகியவர் வேறொரு சைக்கிளில் ஏறும்போதும் அது தானாகவே நடந்துவிடுவதால், அப்படி ஒரு வேலை நடந்ததென்றே நமக்குத் தெரிவதில்லை. அறிவுசார் குறைபாட்டின் மையத்தில் இருக்கும் சிரமங்களில் ஒன்று இதுவே. அந்த மாணவருக்குத் தெரிந்திருந்தது "எண்ணுதல்" என்ற பொதுத் திறன் அன்று. நீளப் பெட்டியில் இரண்டு வரிசையாக ஐந்தைந்து வெள்ளைக் குச்சிகளை அடுக்குதல் என்ற ஒரு குறிப்பிட்ட செயல். பணிஸுக்கு வரிசையும் இல்லை, பெட்டியும் இல்லை. பத்துக் குழிகள் உள்ள முட்டைத் தட்டொன்றைக் கொடுத்து, குழிக்கொன்றாக வைத்துவிட்டுப் பைக்குள் கொட்டச் சொன்னதும் பிழை நின்றுபோயிற்று.

இந்த ஒரு விடயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றவையெல்லாம் தானாக விளங்கும். திறனை இடம் மாற்றுவதுதான் கடினம் என்றால், முதலில் ஓரிடத்தில் பழக்கிவிட்டுப் பிறகு வேறோரிடத்துக்கு அனுப்புவது, இருப்பதிலேயே கடினமான வழியை இவர்களுக்கென்று தேர்ந்தெடுப்பதாகும்.

ஒரு துவாய், எட்டுப் படிகள்

உப்புவெளிக் கடற்கரைப் பக்கத்தில் இருக்கும் விருந்தினர் விடுதி ஒன்றில் எங்கள் மாணவர் ஒருவர் துவாய் மடிக்கப் போனார். நமக்குத் துவாய் மடிப்பது ஒரே வேலை. அருகில் நின்று பார்த்தால் அது எட்டு வேலைகள்: கூடையிலிருந்து ஒன்றை எடுத்தல், காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்தல், இரு பக்கமும் கறை தேடுதல், மேசையில் விரித்தல், நீளவாட்டில் மடித்தல், மறுபடி நீளவாட்டில் மடித்தல், குறுக்கே மூன்றாக மடித்தல், மடிப்பு முன்னே தெரியும்படி அடுக்குதல். இவ்வாறு ஒரு வேலையை, ஒவ்வொன்றையும் தனியே கற்பிக்கக்கூடிய சிறு படிகளாக உடைத்து எழுதுவதற்குச் செயற்பகுப்பு என்று பெயர்.

வாடைக்காற்றும் மழையும் சேர்ந்த மார்கழி மாதத்தில், அடுக்கிய துவாய்கள் மணப்பதாக விடுதியில் முறைப்பாடு வந்தது. "இவருக்கு இது சரிவராது போல" என்று உரிமையாளர் தயங்கினார். பகுப்பைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபோது, எட்டில் ஏழு படிகளில் பிழையே இல்லை. இரண்டாவது படி மட்டுமே சிக்கல். முழு ஈரத்தை அவர் அறிந்தார்; அரை ஈரத்தைக் கைவிரலால் அறிய முடியவில்லை. விடுதியில் சமைக்கும் அக்கா ஒருவர்தான் வழி சொன்னார்: "தம்பி, கன்னத்தில வச்சுப் பாருங்கோ." கன்னத்தில் குளிர்ந்தால் கொடிக்கு, குளிராவிட்டால் மேசைக்கு. அன்றிலிருந்து ஒவ்வொரு துவாயும் அவர் கன்னத்தைத் தொட்டுவிட்டுத்தான் மேசைக்கு வருகிறது. "சரிவராது" என்ற தீர்ப்பு, பகுத்துப் பார்த்தால் பெரும்பாலும் இப்படி ஒரு படிக்குள்தான் ஒளிந்திருக்கும்.

படிகளை எழுதிய பின் அவற்றைக் கோக்க வேண்டும். முதற்படியிலிருந்து தொடங்குவது ஒரு முறை. கடைசிப் படியிலிருந்து பின்னோக்கி வருவது இன்னொரு முறை. அதைப் பின்னோக்குக் கோவை என்பார்கள். முதலில் ஏழு படிகளையும் பயிற்றுநர் செய்து கொடுக்க, மாணவர் அடுக்குவதை மட்டும் செய்வார். பிறகு மூன்றாக மடித்து அடுக்குவார். இப்படியே முன்னே நகர்வார். இதைப் புதிய கண்டுபிடிப்பாக நினைக்க வேண்டியதில்லை. நம்மூர்த் தையற்கடையில் வேலைக்குச் சேர்ந்த பையனுக்கு முதலில் கிடைப்பது பொத்தான் தைக்கும் வேலை. துணி வெட்டும் கத்தரிக்கோல் கடைசியாகத்தான் கைக்கு வரும். முடிவைத் தொட்டுத் தொடங்குவதால் ஒவ்வொரு தடவையும் முழுமையான ஒரு பொருள் கையில் நிற்கிறது; "நான் முடித்தேன்" என்ற நிறைவும் முதல் நாளிலேயே கிடைக்கிறது.

உதவுவதிலும் ஒழுங்கு உண்டு. வாயால் சொல்வது, சுட்டிக்காட்டுவது, செய்துகாட்டுவது, கையைப் பிடித்துச் செய்விப்பது ஆகிய நான்கையும் தூண்டல்கள் என்று சொல்லலாம். வேலை தெரியாத நாளில் கூடிய தூண்டல் தேவை. கலை இருப்பது அதைக் குறைப்பதில். கையைப் பிடித்த இடத்தில் மறுவாரம் முழங்கையை மட்டும் தொடுவது, பிறகு விரலை நீட்டுவது, பிறகு பார்வையை மட்டும் அங்கே கொண்டுசெல்வது, பிறகு இரண்டடி பின்னே நிற்பது. நம்மவர்கள் இதில் தோற்பது அன்பு கூடியதனால்தான்; அம்மா கையை எடுக்கவே மாட்டார். நான் ஒரு கொப்பி வைத்திருந்தேன்: ஒவ்வொரு நாளும் எட்டில் எத்தனை படிகளைத் தூண்டலின்றிச் செய்தார் என்பதை மட்டும் அதில் எழுதுவேன். "பரவாயில்லை", "முன்னேற்றம் உண்டு" என்ற அறிக்கைகளைவிட அந்த ஒற்றை எண் பெற்றோருக்கு அதிகம் சொல்லிற்று.

எவ்வளவு தூரம் போகலாம் என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆய்வாளர் மார்க் கோல்ட், பயனுள்ள எதையும் கற்க முடியாதவர்கள் என்று கருதப்பட்ட இளைஞர்களுக்குப் பல உதிரிப் பாகங்கள் கொண்ட சைக்கிள் பிரேக்கைச் சரியாகப் பூட்டக் கற்பித்தார். பாகங்களை வரிசையாக வைத்தார், சரியான பக்கத்துக்கு நிறம் பூசினார், பேச்சைக் குறைத்தார். ஒருவர் கற்கவில்லையென்றால் கற்பிக்கும் முறையை மாற்று என்பதே அவர் எடுத்த நிலை.

வேலையைப் படிகளாக உடைப்பது, கோப்பது, உதவியைக் கொடுத்துப் பின் விலக்குவது என்ற மூன்றும் சேர்ந்ததுதான் பயிற்சியின் உட்பொறிமுறை. எந்தத் தொழில் என்பது அதற்குப் பிந்திய கேள்வி.

வேலைத்தலமே வகுப்பறை

கராஜ் ஒன்றுக்குப் பிள்ளையை வேலை பழகச் சேர்க்கும்போது, எஞ்சின் பற்றிப் படித்துவிட்டு வா என்று எந்த பாஸும் சொல்வதில்லை. முதல் நாளே ஸ்பனர் எடுத்துக்கொடுக்க நிற்பான், கழுவுவான், கழற்றுவான், ஐந்தாறு ஆண்டில் பூட்டுவான். அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்கு உகந்தது என்று இன்று உலகெங்கும் பேசப்படும் ஆதரவுடன் கூடிய வேலைவாய்ப்பு என்பதும் அதே ஒழுங்குதான்: சாதாரண வேலைத்தலத்தில், சம்பளத்துடன், முதலில் இடம் கொடுத்து, அந்த இடத்திலேயே பழக்கி, தேவைப்படும் வரை ஆதரவைத் தொடர்வது. பொதுமையாக்கம் என்ற தடையை அது தாண்ட முயல்வதில்லை, சுற்றிக்கொண்டு போகிறது.

கராஜுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு வேலைப் பயிற்றுநர் என்ற ஒருவர். அவர் முதலில் தானே அந்த வேலையைச் செய்து பார்க்கிறார், செயற்பகுப்பை எழுதுகிறார், சில வாரங்கள் கூடவே நிற்கிறார், பிறகு மெல்ல விலகுகிறார். அவர் விலகிய இடத்தை அங்கே ஏற்கெனவே வேலைசெய்பவர்கள் நிரப்புவதற்கு இயல்பான ஆதரவு என்று பெயர். கன்னத்தில் வைத்துப் பார்க்கச் சொன்ன அந்த அக்கா அதற்கு நல்ல உதாரணம். நான் கண்டவரையில், பயிற்றுநர் கெட்டிக்காரராகவும் அத்தகைய அக்கா ஒருவர் இல்லாமலும் இருக்கும் இடத்தைவிட, அக்கா இருந்து பயிற்றுநர் சுமாராக இருக்கும் இடமே நிலைத்திருக்கிறது.

வேலையைக் கண்டுபிடிப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. வெற்றிட அறிவித்தலைப் பார்த்து விண்ணப்பித்தால், ஒருவர் பத்து வேலைகளையும் செய்ய வேண்டும் என்றே அதில் இருக்கும். கரைவலை இழுக்கும் இடத்தில் நின்று பாருங்கள்: எல்லோரும் ஒரே வேலையைச் செய்வதில்லை. கயிற்றை இழுப்பவர்கள் இருப்பார்கள். இழுக்க முடியாத முதியவர் கரையில் கயிற்றைச் சுருட்டி வைப்பார். மீனைத் தெரிந்து பிரிப்பவர் வேறு. கயிறு சுருட்டுபவருக்கும் பங்கு உண்டு, ஏனெனில் அவர் சுருட்டாவிட்டால் இழுப்பவர் ஒருவர் விட்டுவிட்டு வர வேண்டும். ஒரு வேலைத்தலத்தில் பலர் அரைகுறையாகச் செய்யும் சிறு வேலைகளைத் திரட்டி ஒருவருக்குரிய முழு வேலையாக்குவதை வேலை செதுக்கல் என்பார்கள். அமெரிக்காவின் சின்சினாட்டி சிறுவர் வைத்தியசாலையில் 1996இல் தொடங்கிய திட்டமொன்று இப்படித்தான் பிறந்தது. அவசர சிகிச்சைப் பிரிவில் பொருட்களை நிரப்பிவைக்கும் வேலைக்கு, அறிவுசார் குறைபாடுள்ள இளைஞர்களைப் பழக்கலாமே என்று அப்பிரிவின் பொறுப்பில் இருந்த தாதி ஒருவர் எண்ணினார். இன்று பல நாடுகளில் அதே மாதிரியில், மாணவர்கள் தம் கடைசிப் பாடசாலை ஆண்டை ஒரு பெரிய வேலைத்தலத்திலேயே, மூன்று பிரிவுகளில் மாறி மாறிக் கழிக்கிறார்கள்.

திருகோணமலையில் செதுக்குவதற்கு இடமில்லை என்று சொல்ல முடியாது. நிலாவெளி, உப்புவெளி விடுதிகளின் சலவையும் தோட்டமும், மீன்வாடிகளில் கருவாடு புரட்டுவதும் தரம்பிரிப்பதும், தம்பலகாமத்து அரிசி ஆலைகளில் சாக்குத் தைப்பது, பலசரக்குக் கடைகளில் பருப்பையும் சீனியையும் ஒரு கிலோப் பொதிகளாக்குவது எல்லாம் படிகளாக உடைக்கக்கூடிய, நாள்தோறும் ஒரே மாதிரி வரும் வேலைகள்.

வெள்ளைக் கல்லறைகளும் திரும்பி வரும் பஸ்ஸும்

வேலை பழகிய பின்னும் பலர் வீட்டில் நிற்பதற்குக் காரணம் வேலையன்று, போய்வர முடியாமைதான். துவாய் மடித்த அந்தத் தம்பிக்கு, நகரத்திலிருந்து நிலாவெளி வீதியால் போகும் பஸ்ஸில் எங்கே இறங்குவது என்பதற்கு ஓர் அடையாளம் தேவைப்பட்டது. உப்புவெளியில் வீதியோரத்தில் யுத்த மயானம் இருக்கிறது. வரிசை வரிசையாக நிற்கும் அந்த வெள்ளைக் கல்லறைகளை எவரும் தவறவிட மாட்டார்கள். கல்லறைகள் தெரிந்ததும் எழும்பு, மணியை அடி, அடுத்த தரிப்பில் இறங்கு என்று பழக்கினோம். இரண்டு வாரத்தில் தனியாகப் போனார்.

திரும்பி வரவில்லை. மாலை ஐந்தரை மணிக்கு அம்மா அழைத்தபோது, காலையில் இறங்கிய அதே பக்கத்தில், நகரத்துக்கு முதுகு காட்டி ஓடும் பஸ்களைப் பார்த்தபடி அவர் நின்றுகொண்டிருந்தார். இது முழுக்க என் பிழை. போவதைக் கற்பித்தால் வருவதும் சேர்ந்து வந்துவிடும் என்று, பொதுமையாக்கத்தைப் பற்றி இவ்வளவு பேசும் நானே நம்பிவிட்டேன். வீதியைக் கடப்பது, எதிர்த் தரிப்பில் நிற்பது, பஸ்ஸின் நெற்றியில் "திருகோணமலை" என்ற சொல்லின் வடிவத்தைப் பார்ப்பது, மிச்சக் காசைக் கேட்டு வாங்குவது என்று மறுபடி ஒரு பகுப்பு எழுதினோம். பஸ் வராத நாளில் யாருக்கு அழைப்பது, முன்பின் தெரியாத ஒருவர் மோட்டார் சைக்கிளில் ஏறச் சொன்னால் என்ன சொல்வது என்பவையும் அதில் இருந்தன.

பயணம், பணம், நேரம், தன் உடலைப் பாதுகாத்தல் ஆகியவை தொழிற்கல்விக்கு வெளியே இருப்பவை என்று எண்ணிவிடாதீர்கள். வேலை நிலைப்பதும் நிலைக்காததும் பெரும்பாலும் இவற்றில்தான் இருக்கிறது.

இருக்கும் வழிகள்

இலங்கையில் கட்டாயக் கல்வி வயது 5 முதல் 16 வரை. அதற்குப் பின் திறந்திருக்கும் வழிகளை ஒரு ஏணியாக எண்ணுவது தவறு. ஒருவருக்கு எது பொருந்துகிறதோ அதுவே அவருக்கு உயர்ந்தது.

இலேசான குறைபாடுள்ளவர்கள், அதாவது அறிவுசார் குறைபாடுள்ளவர்களில் மிகப் பெரும்பான்மையினர், முறைசார் தொழிற்பயிற்சியை முயன்று பார்க்கலாம். தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களும், வேலைத்தலத்திலேயே பயிலுநராகச் சேர்த்துவிடும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையும் இதில் முக்கியமானவை. இவை வழங்கும் தேசிய தொழிற்தகைமை 1 முதல் 7 வரையான மட்டங்கள் கொண்டது, ஒவ்வொரு தகைமையும் "இதைச் செய்ய முடியுமா?" என்று கேட்கும் தேர்ச்சி அலகுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. வேலையிலேயே பழகியவர்களின் திறனை மதிப்பிட்டுச் சான்றிதழ் கொடுக்கும் முன்கற்றல் அங்கீகாரமும் உண்டு. முழுச் சான்றிதழ் எல்லோருக்கும் எட்டாது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்த அலகுப் பட்டியல் ஓர் ஆசிரியருக்கு நல்ல வரைபடம். எதைக் கற்பிப்பது என்று நாமாகக் கற்பனை செய்து மெழுகு உருக்க வேண்டியதில்லை. சாதாரண தரப் பெறுபேற்றைப் பொருட்படுத்தாமல் 12, 13ஆம் தரங்களில் தொழிற்பாடங்களைக் கற்க இடமளிக்கும் பதின்மூன்று ஆண்டு உறுதிப்படுத்தப்பட்ட கல்வி 2017இல் தொடங்கியது. அருகிலுள்ள எந்தப் பாடசாலையில் அது நடக்கிறது என்பதை வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்கலாம். சமூக சேவைகள் திணைக்களமும் இயலாமையுடைய இளைஞர்களுக்கென்றே தங்கிப் படிக்கும் தொழிற்பயிற்சி நிலையங்களை நடத்துகிறது. வீட்டைவிட்டுத் தூரம் என்பதே அங்குள்ள சிக்கல்: அங்கே கற்றது மூதூரிலோ வெருகலிலோ இருக்கும் வீட்டுக்கு வந்ததும் நிலைக்க வேண்டுமென்றால், திரும்பி வந்த முதல் மாதத்தில் மறுபடியும் ஒருவர் கூட நிற்க வேண்டும்.

இரண்டாவது, முன்னர் சொன்ன ஆதரவுடன் கூடிய வேலைவாய்ப்பு. மூன்றாவது, குடும்பத்தின் சுயதொழிலில் ஒரு பங்கை ஏற்பது: கோழிக்கூடு, வீட்டுத்தோட்டம், இடியப்பக் கடை. இதில் நான் வற்புறுத்துவது ஒன்றுதான். முட்டை பொறுக்குவதும் தீனி அளப்பதும் அவர் வேலையென்றால், முட்டைக் காசில் அவர் பங்கு அவர் கைக்கு வர வேண்டும். இல்லாவிட்டால் அதற்குப் பெயர் வீட்டு எடுபிடி.

நான்காவது, இயலாமையுடையவர்கள் மட்டுமே கூடி வேலைசெய்யும் பாதுகாப்புப் பணிமனை. பாதுகாப்பு, நட்பு, ஒழுங்கான நாள் ஆகியவை அங்கே கிடைக்கும்; ஊதியம் பொதுவாகக் குறைவு, வெளியே போகும் கதவு அரிதாகத்தான் திறக்கும். அதைப் பழிக்க எனக்கு மனம் வருவதில்லை, ஆனால் முதல் தெரிவாக்கவும் மாட்டேன். கடும் குறைபாடும் உடல் நோயும் சேர்ந்தவர்களுக்குப் பகல்நேர நிலையமும் வீட்டு வாழ்க்கையுமே பொருந்தலாம். அங்கேயும் செயற்பகுப்பு உதவும்: தேத்தண்ணி போடும் பத்துப் படிகளில் சீனி போட்டுக் கலக்கும் ஒரு படியாவது அவருடையதாக இருக்கலாம்.

சட்டம் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டி வேலையிலோ கல்வியிலோ பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்கிறது. 1988இன் பொது நிர்வாகச் சுற்றறிக்கை அரச வேலைகளில் 3 சதவீதத்தை இயலாமையுடையோருக்கு ஒதுக்குகிறது. ஆனால் அந்தப் பதவிக்குரிய தகைமையும் வேண்டும் என்பதால், சாதாரண தரம் தாண்டாத எங்கள் மாணவர்களுக்கு அது பெரும்பாலும் காகிதத்திலேயே நிற்கிறது. ஐக்கிய நாடுகளின் இயலாமையுடையோர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்புறுதி செய்தது. அதன் 27ஆம் உறுப்புரை, எல்லோருக்கும் திறந்திருக்கும் வேலைத்தலத்தில் உழைக்கும் உரிமையைச் சொல்கிறது.

எப்போது தொடங்குவது?

பதினான்கு வயதில். பாடசாலை முடிந்த மறுநாள் அன்று. பாடசாலை வாழ்க்கையிலிருந்து வளர்ந்தவருக்குரிய வாழ்க்கைக்குத் திட்டமிட்டு நகர்வதை வளர்பருவ மாற்றம் என்கிறோம். அமெரிக்காவில் அதற்கான திட்டம் 16 வயதுக்குள் எழுதப்பட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இங்கே ஆசிரியரும் பெற்றோரும் ஒரு தாளை எடுத்து, பிள்ளையையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு எழுதத் தொடங்கினாலே போதும்: எது பிடிக்கும், எது பிடிக்காது, எந்தச் சத்தம் தாங்காது, யாருடன் நன்றாகப் பழகுவார், வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம். பதினாறு வயதுக்கு முன் வேலைக்கு அமர்த்துவது சட்டப்படி குற்றம். ஆகவே அதுவரை நடப்பது பார்வையிடலும் ஆசிரியரோடு சென்று தொட்டுப் பார்த்தலும் மட்டுமே. அதற்குப் பின் மூன்று நான்கு இடங்களில் சில நாட்கள் நின்று பார்க்கட்டும். மீன்வாடை தாங்காதவர் என்பது வாடியில் நின்றால்தான் தெரியும்.

அந்தத் தாளில் ஆவணங்களுக்கும் ஒரு பகுதி வேண்டும். பிறப்புச் சான்றிதழில் உள்ள எழுத்துப்பிழை, தேசிய அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, கையொப்பம் ஆகியவற்றில் ஒன்று குறைந்தாலும் சம்பளம் வாங்கும் நாளில் எல்லாம் நின்றுவிடும். சம்பள வேலையென்றால், நிரந்தரமோ தற்காலிகமோ, பொதுவாக ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் 8 சதவீதமும் முதலாளியின் 12 சதவீதமும் போக வேண்டும். "பாவப்பட்டு வேலை கொடுத்தேன்" என்பது அதற்கு விலக்கன்று. மாதாந்த உதவிப்பணம் பெறும் குடும்பங்கள், வேலைக்கு அனுப்பினால் அது நின்றுவிடுமோ என்று அஞ்சிப் பிள்ளையை வீட்டிலேயே வைத்திருப்பதுண்டு. அந்த அச்சத்தை ஊர்ப்பேச்சில் தீர்க்காமல், பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே போய், விடையை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

பதினெட்டு வயதில் அவரும் சட்டப்படி வளர்ந்தவர். உதவி தேவைப்படும் என்பதற்காகத் தீர்மானிக்கும் உரிமை பெற்றோருக்குத் திரும்பிவிடுவதில்லை. விளங்கும் சொற்களில் தெரிவுகளை முன்வைத்து, விளைவுகளைச் சொல்லி, முடிவை அவரிடம் விடுவதற்கு ஆதரவுடன் தீர்மானித்தல் என்று பெயர். இக்கட்டுரையில் வரும் சொற்களிலேயே நடைமுறைக்குக் கடினமானது இதுதான் என்பது என் அனுபவம்.

துவாய் மடிக்கும் தம்பியின் முதற் சம்பளம் வந்த வாரத்தில் அவருடைய அம்மா என்னை அழைத்தார். குரலில் கோபமும் சிரிப்பும் கலந்திருந்தன. கடற்கரையில் அலைப்பலகையோடு திரியும் பெடியன்களைப் பார்த்துவிட்டு, சலூனுக்குப் போய்த் தலைமயிரைச் செம்பட்டையாக்கிக்கொண்டு வந்திருக்கிறாராம். "டீச்சர், நீங்கள் சொன்னால் கேப்பான், ஒருக்காச் சொல்லுங்கோ" என்றார். எவ்வளவு கொடுத்தாராம் என்று கேட்டேன். சரியான காசைக் கொடுத்து, மிச்சத்தையும் எண்ணி வாங்கி வந்திருந்தார். அப்படியென்றால் நான் சொல்வதற்கு எதுவும் இல்லை, இரண்டு மாதத்தில் கறுப்பு முளைத்துவிடும் என்று மட்டும் அம்மாவிடம் சொன்னேன்.